இடது பக்கத்துக் கல்

சூளகிரிக்குத்தானே டிக்கெட் எடுத்தீர்கள்? எட்டிப் பார்க்கவில்லை சார். கண்டக்டர் மெஷினில் அடிக்கும்போது காதில் விழுந்தது. முப்பத்தொரு வருடம் அந்த வேலை பார்த்தவன் நான். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்குவார் என்று மனது தன்னால் குறித்துக்கொள்கிறது. இந்த வண்டியில் இப்போது நாற்பத்தாறு பேர். ஓசூருக்கு முன்னால் இறங்குகிறவர்கள் மூன்று பேர்தான்.

நான் ஓசூர் போகிறேன். ஒருவரைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். செங்கத்தில் ஏறியதிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். வாய் அசைவதைப் பார்த்துத்தான் ஏதாவது வேண்டுமா என்று கேட்டீர்கள் போல. ஒன்றும் வேண்டாம் சார். ஆனால் கேட்டதால் சொல்கிறேன். நான் பேசுகிறவன் இல்லை. இதை இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவர் என் மனைவி, இன்னொருவர் என்னோடு ஓட்டிய டிரைவர் ஏகாம்பரம். நீங்கள் மூன்றாவது.

இந்தப் பையா? இதில் ஒன்றுமில்லை. நோட்டு இரண்டு, பிரஷ் ஒன்று, அரிசி மாவு ஒரு பொட்டலம், நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று. பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். சரித்திரத்தில் என் கடைசி மார்க் முப்பத்தேழு. எனக்கும் சரித்திரத்துக்கும் அதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன். செங்கத்திலிருந்து அத்திப்பள்ளம் வழியாக மலையடிவாரம் வரை போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு வேலை. ஒரு நாள் நடுவழியில் டயர் பஞ்சர். இருபத்துநாலு வருடம் முன்பு. வண்டியில் பத்தொன்பது பேர். அதில் ஒரு கல்லூரி அம்மா, பேர் அமுதவல்லி. கையில் சுருட்டிய காகிதம், மை டப்பா. ஸ்டெப்னி மாற்றுவதற்குள் ஒரு வேலையை முடித்துவிடுகிறேன் என்று இறங்கிப் பக்கத்துப் புன்செயில் நின்ற கல்லிடம் போனார். தனியாகக் காகிதம் பிடிக்க முடியவில்லை. "கண்டக்டர், இந்த மூலைய கொஞ்சம் பிடிங்க" என்றார். பிடித்தேன்.

அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். ஈரக் காகிதத்தைக் கல்லோடு ஒட்டி, துணிப் பொதியில் மையைத் தொட்டுத் தட்டுகிறார். காகிதம் கறுத்துக்கொண்டே வருகிறது. வெட்டிய இடம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. எழுத்து! கோழி கிளறியது மாதிரி எழுத்து. வட்டெழுத்து என்றார். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்து ஒரு பேரைச் சொன்னார். மாட்டுக்கூட்டத்தை மீட்கப் போய்ச் செத்தவனாம். அவனுக்கு நட்ட கல்லாம். நானும் அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தேன்.

"ஆயிரத்து இருநூறு வருஷம் கழிச்சு இந்தப் பேரை வாய்விட்டுச் சொல்ற ரெண்டாவது ஆளு நீங்க" என்றார்.

"முதல் ஆளு யாரும்மா?"

"நான்தான். ரெண்டு நிமிஷம் முன்னாடி."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நான் ஸ்டாப் பேரைக்கூடச் சத்தமாகச் சொல்லக் கூச்சப்படுகிற கண்டக்டர். விசிலோடு சரி. அன்றைக்கு மிச்சம் இருந்த மூன்று டிரிப்பும் அந்தப் பேரை முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட் கிழித்தேன். ஏகாம்பரம், "இன்னாய்யா, வேண்டுதலா?" என்று கேட்டான்.

அமுதவல்லி அம்மா எழுத்து அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்துத் தபாலில் அனுப்பினார். நான்கு தாள். ஏழு மாதத்தில் படித்துவிட்டேன். அப்புறம் என் ரூட்டில் ஒரு கல் விடவில்லை. வண்டி நிற்கும் நேரத்தில் இறங்குவேன். கல்லைத் துடைப்பேன். அரிசி மாவைத் தேய்ப்பேன், பள்ளத்தில் மாவு நின்று எழுத்து தெரியும். சட்டைப்பை நோட்டில் எழுதிக்கொள்வேன். "கட்டினவள ஒரு தரம் நேராப் பாக்காத கண்ணு, கல்ல மட்டும் துடைச்சித் துடைச்சிப் பாக்குது" என்று என் மனைவி நாகம்மாள் சொல்லாத நாள் இல்லை. சொல்லட்டும். அறுபத்தேழு கல் சார். அதில் பதினொரு கல்லை எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. அமுதவல்லி அம்மாவே சொன்னது.

சரி, அத்திப்பள்ளத்துக்கு வருகிறேன்.

அங்கே சாலைக்குக் கிழக்கே ஒரு கல், மேற்கே ஒரு கல். இரண்டிலும் வில் பிடித்த ஆள். ஊரில் இரண்டுக்கும் வேடியப்பன் என்றுதான் பேர். கிழக்குக் கல்லைக் கும்பிடுவது திம்மராயன் வீடு. மேற்குக் கல்லை வீரபத்திரன் வீடு. மாட்டுப் பொங்கலன்று ஊர் மாடெல்லாம் முதலில் கிழக்குக் கல்லைச் சுற்றி, அப்புறம் மேற்குக் கல்லைச் சுற்றி, அதன் பிறகுதான் அவிழ்த்து விடுவார்கள். ஏன் கிழக்கு முதலில் என்று யாருக்கும் தெரியாது. அப்படியே பழக்கம்.

இரண்டு கல்லிலும் எழுத்து உண்டு. அத்திப்பள்ளத்தில் ஏகாம்பரம் டீ குடிக்க ஆறு நிமிடம் வண்டியை நிறுத்துவான். ஒரு நாள் ஒரு கல்லைப் படித்தேன். நாலு நாள் கழித்து இன்னொன்று. ஒரு கல்லில், 'தொறு மீட்டுப் பட்டான் சாத்தன்' என்று இருந்தது. தொறு என்றால் மாட்டுக்கூட்டம், பட்டான் என்றால் செத்தான். இன்னொன்றில், 'தொறுக் கொண்டு பட்டான் காரி'. இவன் இந்த ஊர் மாட்டைக் கவர்ந்து போக வந்து செத்தவன். அந்தக் காலத்தில் அவனுக்கும் கல் நடுவார்கள் சார். அவனும் யாருக்கோ வீரன்தானே.

படித்தேன், எழுதினேன், விசிலடித்தேன், வண்டி கிளம்பியது. யாரிடமும் சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் அது என் நோட்டில்தான் இருந்தது.

நான் ஓய்வு பெற்றதும் முதல் வேலையாகச் சட்டைப்பை நோட்டுகளை எல்லாம் ஒரு பெரிய நோட்டில் நகல் எடுத்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல், கட்டம் போட்டு. ஊர், கல், எந்தப் பக்கம், எழுத்து, நீளம், அகலம். பழைய நோட்டில் தேதி பக்கத்தில் டிரிப் நம்பரும் எழுதியிருப்பேன். வேலைதான் முடிந்ததே, டிரிப் நம்பர் எதற்கு என்று அதை விட்டுவிட்டேன். அத்திப்பள்ளம் வந்தபோது இரண்டு கல்லுக்கும் 'இடது பக்கம்' என்று எழுதியிருந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் இடது இருக்குமா சார்? ஒன்று கை தவறி எழுதியது என்று நினைத்தேன். மீட்டவனை இடதில் விட்டேன். கவர்ந்தவனை வலது என்று திருத்தினேன். சிவப்பு மையில், ஸ்கேல் வைத்து அடித்துத் திருத்தினேன். செங்கத்திலிருந்து போகும்போது இடது என்றால் மேற்கு. வலது என்றால் கிழக்கு.

மூன்று வருடம் முன்பு அத்திப்பள்ளம் பஞ்சாயத்துத் தலைவர் அம்மா ஆள் அனுப்பினார். இரண்டு கல்லுக்கும் விவரம் எழுதிப் பலகை வைக்கப் போகிறோம், நீங்கள் வந்து ஊர் முன்னால் சொல்ல வேண்டும் என்றார். போயிருக்கக் கூடாது. ஆனால் அறுபத்தேழு கல் படித்தவனை யாராவது ஒருவர் ஒரு நாள் கூப்பிட மாட்டார்களா என்று எனக்கும் இருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

என் வாழ்க்கையில் மைக் பிடித்தது அந்த ஒரு முறைதான். நோட்டைப் பார்த்தே படித்தேன். மேற்குக் கல், ஊர் மாட்டை மீட்டுச் செத்த சாத்தன். கிழக்குக் கல், ஊர் மாட்டைக் கவர வந்து செத்த காரி.

மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல். "அதான் பாத்தேன்! காணாமப் போற கன்னுக்குட்டி எல்லாம் எப்பவும் திம்மராயன் மாமா கொல்லையிலதான நிக்குது!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திம்மராயனும் சிரிக்கப் பார்த்தார். அறுபத்தைந்து வயது ஆள், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"கண்டக்டர் சார், நல்லாப் பாத்தீங்களா?"

"நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்."

"நோட்டு சரி சார். எங்க வேடியப்பனுக்குப் பித்தளைக் கவசம் போட்டு எட்டு வருஷம் ஆவுது. நான் கழட்டறேன். வெயில் இருக்கும்போதே இன்னொரு தரம் பாத்துடுங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, நான் ஏத்துக்கறேன்."

பார்த்திருக்கலாம். நாலு திருகாணி. இருபது அடி தூரம். ஆனால் அத்தனை பேர் பார்க்க நான் குனிந்து மாவு தேய்க்க வேண்டும். என் கணக்கைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும். முப்பத்தொரு வருடத்தில் என் கணக்கில் ஒரு டிக்கெட் பிசகியதில்லை சார்.

"வேண்டாம், எதற்குச் சிரமம்" என்றேன்.

இதுதான். வேறு எதுவும் இல்லை. நான் செய்தது இதுதான்.

அந்தத் தை மாதம் மாட்டுப் பொங்கலுக்குப் போனேன். எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு மாடு நேராக மேற்கே போனது. கிழக்குக் கல்லைச் சுற்றியது இரண்டு. இரண்டும் திம்மராயனுடையது. அவரே முன்னால் பிடித்துக்கொண்டு, பின்னால் யாரும் இல்லாமல், மூன்று சுற்று. அடுத்த வருடம் அந்த இரண்டும் இல்லை. விற்றுவிட்டார். 'மாட்டுத் திருடன் வீடு' என்று பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டு அங்கே இருக்க முடியவில்லை. கவசத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, ஓசூரில் மகளிடம் போய்விட்டார்.

இதெல்லாம் எனக்கு அப்போது வருத்தம்தான். ஆனால் என்ன செய்வது, கல் சொல்வதைத்தானே சொன்னோம் என்று இருந்தேன்.

போன ஆவணியில் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், கிழக்குக் கல்லைப் பார்த்தேன். கவசம் இல்லை. விளக்கு இல்லை. இரண்டு மழைக்காலம் எண்ணெயை எல்லாம் கழுவிவிட்டது. சாய்வு வெயில் வேறு. மாவே வேண்டாம் சார், எழுத்து ஒவ்வொன்றும் நேற்று வெட்டியது மாதிரி நிற்கிறது. தொறு மீட்டு. மீட்டு! எனக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொன்னால் நீங்கள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விடுவீர்கள். சந்தோஷம். முதல் தரம் படிக்க முடியாத கடைசி வரி ஒன்று இருந்தது. அதுவும் தெரிந்தது. சாத்தனோடு அவன் தம்பியும் செத்திருக்கிறான். தம்பி பேரும் இருக்கிறது. வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்து இருபது நிமிடம் எழுதினேன். என்னை மாதிரி சந்தோஷமான ஆள் அன்றைக்கு அந்தக் கல்யாணத்தில்கூட இருந்திருக்க மாட்டான்.

எழுதி முடித்து நோட்டை மூடும்போதுதான், நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். காரி, டிரிப் மூன்று. சாத்தன், டிரிப் நான்கு. எங்கள் ரூட்டில் ஒற்றைப்படை டிரிப் செங்கத்திலிருந்து போவது. இரட்டைப்படை திரும்பி வருவது. போகும்போது இடது மேற்கு. வரும்போது இடது கிழக்கு. அன்றைக்கு எழுதியதில் இரண்டுமே சரி. கை தவறவே இல்லை. அழகாக நகல் எடுக்கிறேன் என்று நான்தான் ஒருவனுடைய சாவைத் தூக்கி எதிர்ப்பக்கம் வைத்தேன்.

ஆமாம் சார், சொல்ல வேண்டும். அதற்குத்தான் போகிறேன். இது மூன்றாவது தடவை.

முதல் தடவை கதவு வரை போனேன். உள்ளே டிவி ஓடியது, பேச்சுச் சத்தம், நிறைய பேர். திரும்பிவிட்டேன். இரண்டாவது தடவை பார்த்தேன். மாடியில் ஒரு சின்ன அறை. மூலையில் சாக்குச் சுற்றிய கவசம். திம்மராயன் என்னைப் பார்த்ததும் பழைய மாதிரியே எழுந்து, "வாங்க கண்டக்டர் சார்" என்று நாற்காலியைத் துடைத்தார். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்.

"ஊர் எப்படி இருக்குது?"

"இருக்கிறது."

"அவருக்கு யாரு சார் விளக்கு வைக்கிறாங்க இப்ப?"

நான் மூலையில் இருந்த சாக்கைப் பார்த்தேன்.

"யாரும் இல்ல, தெரியும். நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு சொட்டு எண்ணெய் விடுங்க சார். திருடனா இருந்தா இருந்துட்டுப் போறாரு. எங்க வீட்டுத் திருடன். எங்க அப்பா ஒரு நாள்கூட அவரைப் பட்டினி போட்டதில்ல. நான்தான் போட்டுட்டு வந்துட்டேன்."

"விடுகிறேன்" என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. மகள் காபி கொண்டுவந்தாள். குடித்தேன். வந்துவிட்டேன்.

இந்த எண்ணெய் பாட்டில் அன்றைக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கியது. இல்லை, விடவில்லை சார். ஐந்து தடவை அத்திப்பள்ளம் போனேன், ஐந்து தடவையும் கையில் இருந்தது. எண்ணெய் விட்டால் எழுத்து அடைபட்டுவிடும் பாருங்கள். பங்குனியில் அமுதவல்லி அம்மா காகிதம் ஒட்டி மைப்படி எடுக்க வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தம்பி பேர் உள்ள கல் இந்த வட்டாரத்திலேயே கிடையாதாம். அதுவரை மட்டும் பொறுத்தால் போதும் என்றுதான். அதுவரை மட்டும்.

வீரபத்திரன் வீடா? அவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும். அப்போது அவர்கள் திருடன் வீடு ஆகிவிடுவார்களே என்கிறீர்கள். அது... அது கல்லில் இருப்பது சார். நான் என்ன செய்ய? இரண்டு பலகையையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினால் கணக்கு நேராகிவிடும். அப்படித்தான் நினைத்திருந்தேன். நீங்கள் கேட்டதும்தான் கொஞ்சம்... பார்க்கலாம். முதலில் திம்மராயன். இன்னும் பதினொரு நாளில் மாட்டுப் பொங்கல். இன்றைக்குச் சொன்னால் அவர் கவசத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். மாடு கிழக்கே திரும்பும். 'உங்கள் வேடியப்பன் மாட்டை மீட்டவர், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.' அவ்வளவுதான் வாக்கியம். ஏழே சொல். எண்ணி வைத்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லாமல் திரும்பினால் நான் மனுஷன் இல்லை.

என்ன சொன்னீர்கள்?

உங்கள் ஊரிலும் ஒரு கல்லா? உங்கள் வீட்டுக்குப் பின்னாலேயேவா? வில்லா, வாளா? இரண்டுமா! காலடியில் என்ன, நாயா? நன்றாகப் பார்த்தீர்களா? சரி, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறதென்றால் நாயாகத்தான் இருக்கும். தலைக்கு மேலே எழுத்து உண்டா? கீறல் மாதிரி மூன்று வரி... சூளகிரி வட்டாரத்தில் அப்படி ஒன்று யார் பட்டியலிலும் இல்லையே சார். எனக்குத் தெரிந்து இல்லை. யாராவது வந்து பார்த்தார்களா? வண்ணம் அடித்திருக்கிறதா? அடிக்கப் போகிறீர்களா! எப்போது? பொங்கலுக்கா? ஐயையோ, பெயிண்ட் அடித்தால் போயிற்று சார்.

ஸ்டாப்பிலிருந்து எவ்வளவு தூரம்? நடக்கலாம். நான் நடப்பேன். சாலைக்கு எந்தப் பக்கம்? இடதா? போகும்போதா, வரும்போதா?

இல்லை, இல்லை, எழுத்து என்ன சொல்கிறதென்று உங்கள் வீட்டில் ஒருவரிடமும் சொல்ல மாட்டேன். சத்தியமாக. பார்க்க மட்டும். மாவு கையிலேயே இருக்கிறது. வெயில் சாய்வதற்குள் முடித்துவிடலாம்.

ஓசூர் டிக்கெட்தான், இதோ இருக்கிறது. திம்மராயன் எங்கே போய்விடப் போகிறார்? நாளைக்குப் போனால் ஆயிற்று. பதினொரு நாள் இருக்கிறது. பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாப் வருகிறது பாருங்கள். கண்டக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் சார், எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது. சூளகிரி ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு என்று சொல்லுங்கள்.